ஆற்று மண் என்றார் காக்கா

என் கூடப்பிறந்த மூத்த காக்கா கட்டித் தந்த வீடுதான் என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவருக்குத்தான் வெட்கம் வரவேண்டும்.

கல்முனைப் பக்கம் எங்களுக்குள் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தானே கலியாணம். வாப்பா மௌத்தாகி இல்லாமல் போனதால் அந்தப் பொறுப்பு காக்காவின் தலையில் விழுந்தது. அவரே நின்று கட்டினார். "முழுக்க ஆத்து மண்தான் புள்ள, நூறு வருசம் நிக்கும்" என்றார். நம்பினேன். காக்காவை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். எட்டு மாத மகனைப் பாயில் தூங்க வைத்துவிட்டுக் கிணற்றடியில் கை கால் கழுவி வுழு செய்துகொண்டிருந்தேன். காலுக்குக் கீழே நிலம் உதறியது. கிணற்றுத் தண்ணீர் தளும்பியது. நாலு மூச்சு விடும் நேரம்தான். பக்கத்து வீடுகளில் சட்டிபானைதான் உருண்டது. என் வீட்டில் அறைச் சுவரே சரிந்தது, பாய் கிடந்த பக்கமாக.

ஓடினேன். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. அழுகைச் சத்தமும் இல்லை. கையாலேயே கல்லைப் பிரட்டினேன், நகம் பிய்ந்தது. "யா அல்லாஹ், வீட்ட எடு, என்னையும் எடு, இவன மட்டும் தா" என்று கத்தினேன். பாயில் கற்கள்தான் கிடந்தன. அப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. விழித்தவன் தவழ்ந்து அங்கே போயிருக்கிறான். அங்கே போகாதே என்று தினமும் ஏசுவேன். அல்ஹம்துலில்லாஹ்! என் ஏச்சைக் கேட்காத பிள்ளையையல்லவா தந்திருந்தான்!

பின்னேரம் காக்கா வந்தார். "பூமி ஆடினா மனிசன் என்ன செய்ற புள்ள? எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்றார். என் உதட்டில் சுவர்ப்புழுதி ஒட்டியிருந்தது. உப்புக் கரித்தது. உடைந்த சாந்துக் கட்டி ஒன்றை எடுத்து அவர் முன் நீட்டினேன்.

"நாக்கில வெச்சுப் பாருங்க காக்கா. கடல் மண்."

அவர் வாங்கவில்லை. "எனக்கும் கட்டிக்குடுக்க ரெண்டு குமர்ப் புள்ளைகள் இரிக்கே, அதுகளுக்கும் வீடு கட்டணுமே" என்றார். என் வீட்டுக்கென்று வாங்கிய ஆற்று மண் எந்த வளவுக்குப் போனது என்று விளங்கிவிட்டது. பூமி ஆடியபோது கூட எனக்கு அப்படித் தலை சுற்றவில்லை.

அவர் நாசமாகப் போகவேண்டும் என்று கையேந்த நினைத்தேன். முடியவில்லை. மகன் மடியில் இருந்தான். கேட்டதை அப்போதுதான் தந்த ரப்பிடம் எப்படிச் சாபம் கேட்பது? அன்றிலிருந்து தொழுகையில் நான் அலட்சியம் காட்டியதில்லை. காக்காவை மன்னித்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

சகோதரிகளே, மனமுருகிக் கேளுங்கள், அல்லாஹ் தருவான். அவனை முழுதாக நம்புங்கள். வீடு கட்டுகிறவர் உங்கள் சொந்தக் காக்காவாக இருந்தாலும், மண்ணை ஒரு தரம் நாக்கில் வைத்துப் பாருங்கள்.