பதினைந்து எண்ணும் வரை

நான் திருச்சியில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். குறைமாதக் குழந்தை ஒன்றின் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய டியூப் போட்டிருந்தோம். கிருமி உள்ளே போகாமலிருக்க, மருந்து ஏற்றும் முன் ஒவ்வொரு முறையும் அதன் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து எண்ணும்வரை தேய்க்க வேண்டும். மண்ணச்சநல்லூர்க்காரியான குழந்தையின் அம்மா, என்னோடு சேர்ந்து உதட்டுக்குள் எண்ணுவாள்.

அன்று பக்கத்துக் குழந்தைக்கு மூச்சுத்திணறல். அவசரத்தில் லேசாகத் துடைத்துவிட்டு மருந்தை ஏற்றினேன்.

“சிஸ்டர், இன்னிக்கு நாலுதாங்க எண்ணினேன்.”

“எனக்குத் தெரியும்மா, தள்ளி நில்லுங்க!” என்று எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள், ரத்தத்தில் கிருமி என்று ரிப்போர்ட் வந்தது. ஐந்தாம் நாள் குழந்தை போய்விட்டது. அந்த நாலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

“நல்லா பாத்துக்கிட்டீங்க சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போக அவள் வந்தாள். தொடுவதற்குக் குழந்தை இல்லாதபோதும், வாசல் குழாயில் கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.