கால் கட்டைவிரலில் ஒரு கயிறு

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அந்தத் தெருவில் சகாயமேரிகள் மூன்று பேர். குழப்பம் வராமல் இருக்க ஊர் ஆளுக்கொரு ஒட்டுப்பெயர் வைத்திருந்தது. ஆடு வளர்ப்பவள் ஆட்டு மேரி, வளர்ந்து நிற்பவள் நெட்டை மேரி, மூன்றாமவள் ஸ்கூல் மேரி. இந்த மூன்றாமவளுக்குத் தன் பெயர் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லி மாளாது. பெயர் வைப்பதில் இந்த ஊர் ஈவு இரக்கம் பார்க்கிற ஊரா என்ன? லாரியில் கால் நசுங்கிய பிரபு மறுவாரமே நொண்டி பிரபு ஆனான். கண்ணில் புரை விழுந்த பலராமன் குருட்டுப் பலராமன். ஒருமுறை ஒட்டிவிட்டால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரைக்கும் அது கூடவே வரும். அதனால்தான் தான் கடைசிவரை ஸ்கூல் மேரியாகவே இருந்துவிட வேண்டும் என்று அவள் தினமும் மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். ஏனென்றால் அவளுக்குக் காது கேட்கவில்லை. செவிட்டு மேரி என்ற பெயர் தெருமுனையில் தனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது என்பது அவளுடைய தீராத பயம்.

உப்பளத்து இன்ஜின் கொட்டகைதான் காதைத் தின்றது. கல்யாணமான புதிதில் போய் உட்கார்ந்தவள். பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் பக்கத்திலேயே பதினைந்து வருஷத்தை ஓட்டினாள். முதலில் இடது காது போனது. சரி, ஒன்று இருக்கிறதே என்று இருந்தாள். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தபோது, முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முதுகுப் பக்கத்திலிருந்து பேசினால் அவ்வளவுதான். அதற்கெல்லாம் அவளிடம் ஒரு வைத்தியம் இருந்தது. எதற்கும் தலையை ஆட்டிவிடுவாள். நாலு பேர் சிரித்தால் தானும் சிரித்துவிடுவாள். ஒருமுறை சாவுச் செய்தி சொன்னவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துத் தொலைத்து, "பல்லு வலிடி, வாய் கோணிக்கிச்சி" என்று சமாளித்தாள். அன்று பட்ட பாடு அவளுக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்.

அவளுக்கு ஸ்கூல் மேரி என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது பகலில் பெருக்கிய வேலை இல்லை, ராத்திரி வேலைதான். உப்பு விளையும் மாதங்களில் வானம் கறுத்தால் தெருவே அளத்துக்கு ஓடும். பாத்தியில் கிடக்கும் உப்பை வாரி, அம்பாரமாகக் குவித்து, மேலே கீற்றுப் போட்டு மூடுகிறவரை ஆணும் பெண்ணும் வீடு திரும்ப மாட்டார்கள். மழை முந்திக்கொண்டால் அத்தனை உழைப்பும் தண்ணீராகிவிடும். அந்த ராத்திரிகளில் சின்னப் பிள்ளைகளை எங்கே விடுவது? வீட்டில் பூட்டிவிட்டுப் போகவும் மனசு வராது, வரப்பில் படுக்க வைக்கவும் முடியாது. அதனால் தலைமையாசிரியர் பக்தவச்சலம் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார். ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது படிக்கிற வாண்டுகள் பாயும் போர்வையுமாகச் சாயங்காலம் வந்துவிடும். விடிந்ததும் அம்மாக்கள் வந்து அழைத்துப் போவார்கள். பிள்ளைகள் இதற்கு ஸ்கூல் தூக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மாதத்தில் இரண்டு மூன்று முறை வரும் இந்த ஸ்கூல் தூக்கத்துக்குக் காவல் சகாயமேரி. அறைச் சாவி அவள் இடுப்பில்.

காது கேட்காதவள் ராத்திரியில் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வாள்? அதற்குத்தான் கயிறு. அனுமந்தையில் மீன்பிடிக்கிற தம்பியிடம் கேட்டு வாங்கிய நைலான் கயிறு. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, வரிசையாகக் கிடக்கும் பாய்களின் தலைமாட்டில் ஓட்டி, மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டு படுப்பாள். எந்தப் பிள்ளை எங்கே இழுத்தாலும் விரல் வெடுக்கென்று இழுபடும். அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

"இது ரயில் சங்கிலி. ஒண்ணுக்கு வந்தா இழு. பயமா இருந்தா இழு. வயிறு வலிச்சா இழு. ரயிலு நிக்கும்" என்பது பிள்ளைகளுக்கு அவள் கொடுத்த விளக்கம். அந்தோணிராஜ் என்ற மூன்றாம் வகுப்பு வால் ஒன்று சும்மா சும்மா இழுத்து அவள் விரலைப் புண்ணாக்கியதிலிருந்து இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். "சும்மா இழுத்தா ஐநூறு ரூவா ஃபைன்!"

இப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் கிடையாது.

பங்குனிக் கடைசியில் ஒருநாள், தெற்கே மேகம் திரண்டு நின்ற சாயங்காலத்தில், விஜயலட்சுமி தன் இளைய மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பெண்ணின் பெயர் செந்தமிழ். ஒன்றாவது. ஸ்கூல் தூக்கம் அவளுக்கு இதுதான் முதல் தடவை. விஜயலட்சுமிக்கு அவசரம். பிள்ளையை விட்டுவிட்டு கேட் பக்கம் ஓடிக்கொண்டே, திரும்பாமல், என்னவோ சொன்னாள். சகாயமேரி வழக்கம்போல் தலையை ஆட்டினாள். அவள் ஆட்டினதை விஜயலட்சுமி பார்க்கவும் இல்லை. கயிறு, ரயில், ஃபைன் எல்லாவற்றையும் செந்தமிழ் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. பாயைப் போட்டதும் படுத்துத் தூங்கியும் விட்டது. அடடா, தங்கமான பிள்ளை என்று சகாயமேரி நெட்டி முறித்தாள்.

ஜன்னலில் வெளுப்புத் தட்டியபோது அவளுக்கு விழிப்பு வந்தது. மழை பெய்திருக்கவில்லை. எழுந்து கயிற்றை அவிழ்த்தாள். பாய்களை ஒரு பார்வை பார்த்தாள். கடைசிப் பாய் காலி.

போர்வையை உதறிப் பார்த்தாள். வெறுமனே சாத்தி வைத்த கதவு லேசாகத் திறந்திருந்தது. வெளியே ஓடினாள். பின்பக்கம் தகரக் கதவு போட்ட கழிப்பறைகள் இரண்டு. ஒன்றைத் தள்ளிப் பார்த்தாள், ஆள் இல்லை. அடுத்தது தொட்டி நிரம்பி மாதக்கணக்கில் யாரும் நுழையாதது. எப்போதும்போல் மூடியே கிடந்தது. "செந்தமிழு! ஏ செந்தமிழு!" என்று அதன் முன்னால் நின்றே நாலு முறை கூப்பிட்டாள். பிறகு மதிலைச் சுற்றிக்கொண்டு கால்வாய்க் கரைக்கு ஓடினாள். தண்ணீரோரமாகவே நடந்தாள். ஒரு செருப்பாவது, ஒரு ரிப்பனாவது கண்ணில் படுகிறதா என்று பார்த்தாள். படவும் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டாள். மாதாவே, என் பெயர் எப்படி வேண்டுமானாலும் போகட்டும், பிள்ளையைக் கொடுத்துவிடு என்று வாய்விட்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது கேட்டில் விஜயலட்சுமி நின்றாள். காலிலும் சேலையிலும் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்தவச்சலமும் தன் மொபெட்டில் வந்து இறங்கினார். சகாயமேரி விஜயலட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் புள்ளையக் காணோம்டி விஜயா" என்றாள் எப்படியோ.

விஜயலட்சுமி கையிலிருந்த தூக்குவாளியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். முற்றத்தின் நடுவில் போய் நின்றவள் சட்டென்று பின்பக்கம் திரும்பினாள். பக்தவச்சலமும் திரும்பினார். எழுந்து வந்து வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கமே திரும்பின. சகாயமேரி மட்டும் இன்னும் கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூடிக் கிடந்த அந்தத் தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து "அம்மா! அம்மா!" என்று அப்படியொரு அலறல் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அவளும் பின்னால் ஓடினாள்.

உப்புக்காற்றில் துருவேறிய தாழ்ப்பாள். உள்ளே போட்டுக்கொண்டது, பிஞ்சுக் கைக்குத் திரும்பி வரவில்லை. விஜயலட்சுமி தோளைக் கொடுத்து முட்டினாள். பக்தவச்சலம் செருப்புக் காலால் இரண்டு உதை விட்டார். கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது. செந்தமிழ் முழுசாக, மூக்கொழுக, மகா கோபமாக வெளியே வந்தது. சகாயமேரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளை அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டு அவளை நோக்கி விரலை நீட்டியது. "எவ்ளோ வாட்டி கத்தினேன் தெரியுமா? ஆயா இங்கதான் நின்னாங்க. எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் இங்க இருக்கேன் இங்க இருக்கேன்னு கத்தினேன். அப்படியே போயிட்டாங்கம்மா!"

இதை உதட்டிலிருந்து படித்துக்கொள்ள சகாயமேரிக்குச் சிரமமே இருக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பக்தவச்சலம் பின்னாலிருந்து என்னவோ கேட்டார். அவள் திரும்பவில்லை. அவர் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து குனிந்தார்.

"மேரிம்மா, உங்களுக்குக் காது கேக்கலையா?"

"கேக்கலீங்க சார்." சொல்லிவிட்டாள். "எட்டு வருசமா கேக்கல."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.  அவளுக்கே ஆச்சரியமாக, நெஞ்சில் எதுவோ இறங்கியது போலிருந்தது. பிள்ளை கிடைத்துவிட்டது, பொய்யும் முடிந்துவிட்டது, இனி யார் என்ன சொன்னால் என்ன.

"நேத்து நான் போவ சொல்ல ஒண்ணு சொன்னனே அக்கா" என்றாள் விஜயலட்சுமி, அவள் எதிரில் உட்கார்ந்து. "இவளுக்குத் தாப்பா போட்டா தொறக்கத் தெரியாது, கூடப் போங்கன்னு."

"தலைய ஆட்டினேன். ஒண்ணும் கேக்கலடி. என்னை அடிச்சிடு."

விஜயலட்சுமி அடிக்கவில்லை. மகளின் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "ஏண்டி, கயிறு இருந்திச்சில்ல? இழுக்க வேண்டியதுதான?"

"ஐநூறு ரூவா ஃபைனுன்னு சொன்னாங்க. எங்கிட்ட ஏது அவ்ளோ காசு?" என்று செந்தமிழ் ஓவென்று அழுதது.

முதலில் சிரித்தது அந்தோணிராஜ். அப்புறம் பக்தவச்சலத்துக்கே அடக்க முடியவில்லை. விஜயலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள். சகாயமேரி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொன்று தட்டியது.

"கயிறு சங்கதி உனக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுக்கே தெரியும் அக்கா. எதுக்குக் கயிறுன்னும் தெரியும். உங்க முகத்துக்கு நேரா பேசணும்னு புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லித்தான் அனுப்புறோம். நீங்களே சொல்லாதப்ப நாங்க எப்படிக் கேக்குறது? தெரியாத மாதிரியே இருந்துட்டோம்."

சகாயமேரி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவறாகப் படித்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது.

"தெரிஞ்சுமா புள்ளைய விட்டீங்க?"

"உங்களுக்கு முன்னாடி இங்க காவலுக்குக் கமலாம்பாள் இருந்தாங்களே, அவங்களுக்குப் பாம்புச் செவி. எம் பெரிய பொண்ணு வயிறு வலிக்குதுன்னு ராத்திரி பூரா அழுதிச்சி. படுத்த எடத்துலேர்ந்தே, சும்மா படுன்னு சொன்னாங்களாம். நீங்க ஒரு இழுப்புக்கு எழுந்து உக்காருறீங்க. எங்களுக்கு அதுதான் வேணும்." விஜயலட்சுமி மூக்கைச் சிந்திக்கொண்டாள். "நேத்து முதுகக் காட்டிக்கிட்டுச் சொன்னது என் தப்பு. தெரிஞ்சவ நானு. ஓடுற ஓட்டத்துல மறந்துட்டேன்."

பக்தவச்சலம் முகம் சிவந்து நின்றார். "தெருவுக்கே தெரியும்னா எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல?"

"சொன்னா இவங்கள வூட்டுக்குப் போகச் சொல்லிடுவீங்க சார்."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் நேர்மையான மனிதர். "சொல்லியிருப்பேன்தான்" என்றார். பிடரியைத் தேய்த்துக்கொண்டு, கழன்று கிடந்த கதவைப் பார்த்தார். பிறகு சகாயமேரியின் முன்னால் வந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "இனிமே உங்களைத் தனியா விடமாட்டேன். இன்னிக்கு நடந்தது திரும்ப நடந்தா என்னால தாங்க முடியாது. வராண்டால நானும் படுத்துக்கிறேன். இந்த ஊரு கொசு என்னையும் கொஞ்சம் கடிக்கட்டும். திங்கக்கெழம திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம், காது மெஷினுக்கு. வரமாட்டேன்னு சொல்லக்கூடாது."

"சாவி, சார்?"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. துக்கமில்லை. எட்டு வருஷமாகச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறோமா, ஆட்ட வேண்டிய இடத்தில் தலையை ஆட்டுகிறோமா என்று முகங்களைப் பார்த்துப் பார்த்து இளைத்துப் போயிருந்தாள். பார்க்கப்பட்ட முகங்களுக்கெல்லாம் அது தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்தும் அந்தப் பெயரை ஒருத்தியும் வாயிலெடுக்கவில்லை. நொண்டிக்கும் குருட்டுக்கும் காட்டாத இரக்கத்தை இந்த ஊர் தனக்கு மட்டும் எங்கிருந்து எடுத்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் போகட்டும். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மற்ற அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். பாய்கள் சுருண்டன. விஜயலட்சுமி தூக்குவாளியைப் பொறுக்கிக்கொண்டு, மகளை இடுப்பில் வைத்து, கேட் வரைக்கும் போனாள். அங்கிருந்து தலையை மட்டும் திருப்பி என்னவோ சொன்னாள். சகாயமேரியின் தலை பழக்கதோஷத்தில் ஆடப்போனது. அவள் அதை நிறுத்தினாள். எட்டு வருஷத்தில் ஒருநாளும் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை, தெருவே கேட்கும்படி வந்தது.

"கேக்கல விஜயா! திரும்பச் சொல்லு!"

விஜயலட்சுமி அங்கிருந்து கத்தவில்லை. அத்தனை தூரமும் திரும்பி நடந்து வந்தாள். நேர் எதிரே நின்று, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்.

"மேகம் இன்னும் கலையல அக்கா. இன்னிக்கு ராத்திரியும் இவளைக் கொண்டாந்து விடட்டுமான்னு கேட்டேன்."