சந்திரசேகரனின் பிடி

பிரமிளா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவளுடைய சொந்தக்காரர்களுக்கு விளங்க வைப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டால் போச்சு, "எங்க வீட்டு லேப்டாப்பக் கொஞ்சம் பாரேன்" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். அவள் செய்கிற கம்ப்யூட்டருக்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. பினாங்கின் பாயான் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது அந்தச் சின்னக் கம்பெனி. அங்கே இரண்டு வருடமாக அவள் உருவாக்கிவந்தது ஒரு கைப்பட்டை. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரின் கையில் அதைக் கட்டிவிடுவார்கள். வெளியே நிற்கும் பிள்ளையோ மனைவியோ ஒரு ரப்பர் குழாயை அழுத்தினால், உள்ளே பட்டை காற்றால் உப்பி அதே அழுத்தத்தில் அவர் கையைப் பிடிக்கும். யாரும் வர முடியாத நேரத்தில், பதிவு செய்து வைத்த ஒரு பிடி ஓடும்.

அந்தப் பதிவுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஆபீசில் ஒவ்வொருவரையும் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். அளக்கிறார்கள் என்று தெரிந்ததும் எல்லாரும் பிரஷர் பார்க்கிற மெஷின் மாதிரி பிடித்தார்கள். ஒருநாள் அவளை அழைத்துப் போக வந்த அப்பா சந்திரசேகரன் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பிறை என்ற ஊரில் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர், அதிகம் பேச மாட்டார். அவர் கையில் ரப்பரைக் கொடுத்து, "யாரோ பயந்துபோய்ப் படுத்திருக்காங்கப்பா. அவங்க கையப் புடிங்க," என்றாள். அவர் கூச்சத்தோடு சிரித்தார். பிறகு பிடித்தார். மெதுவாகத் தொடங்கி, நடுவில் தயங்கி, விட்டுவிடலாமா என்று யோசிக்கிறவர்போலத் தளர்ந்து, கடைசியில் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்தினார். பட்டையைக் கட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் அசந்துபோனார்கள். அதையே வைத்துக்கொண்டார்கள்.

தைப்பூசம் முடிந்த வாரத்தில் அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி என்றார், ஆம்புலன்ஸ் வந்தது, அவ்வளவுதான். பிரமிளாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கருமாதிக்கு வந்த அத்தை, "கல்லு மாதிரி நிக்கிறாளே," என்று அவள் காதுபடவே சொன்னார். சொல்லட்டும். அவளுக்கு அதுவும் வலிக்கவில்லை. சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை. தினமும் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றாள், எரிச்சல் வரவில்லை. பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நின்று எரிச்சல் வராத ஆளைப் பார்த்தால் உடனே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், ஆனால் யாருக்கு அதெல்லாம் கண்ணில் படுகிறது!

போன வெள்ளிக்கிழமை முதலாளி ஸுல்கிஃப்லி அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"பிரமிளா, கிளையண்டு ஒத்துக்கல லா. பதிவுல நடுவுல ஒரு தடுமாற்றம் இருக்காம். பேஷண்டு பயந்துடுவாருன்னு சொல்றான். சீரா ஆக்கிடு. திங்கக்கிழமை வேணும்."

"சரிண்ணே."

"யாரு கைன்னு எனக்குத் தெரியும்மா. எனக்கும் மனசு கேக்கல."

"பரவால்லண்ணே," என்றாள். உண்மையிலேயே அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அப்பாவின் கையை அழிக்கச் சொல்கிறார்கள், உடம்பில் ஒரு நரம்பு அசையவில்லையே! அப்போது ஒன்று தீர்மானித்தாள். அம்மாவின் கையில் கட்டிப் பார்ப்பது. கூட வாழ்ந்தவர் அவர்தான். சொல்லாமலே அவர் கண்டுபிடித்துவிட்டால், யார் கேட்டாலும் அந்தப் பதிவைத் தொடுவதில்லை. கண்டுபிடிக்காவிட்டால் அது வெறும் காற்று, அழித்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாக் மண்டினில் உள்ள வீட்டில் அம்மா ஜெகதீஸ்வரி சாப்பாட்டு மேசையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா இது, பிரஷர் பாக்குற சாமானா?"

"இல்லம்மா. கைய நீட்டுங்க."

கட்டிவிட்டதும் பட்டை மெல்ல உப்பியது. நடுவில் தயங்கித் தளர்ந்து, பிறகு அழுத்தி நின்றது. அம்மா நெத்திலியை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிரமிளா அவர் முகத்தையே பார்த்தாள்.

"யாரு கை இது?" என்றார் அம்மா.

"நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு என்ன தெரியும்? ஒங்க ஆபீஸ் ஆளா? யாரோ நல்ல மனுசன் போல."

பிரமிளாவுக்குச் சுருக்கென்று வலித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் உடம்பில் உணர்ந்த முதல் விஷயம் அது. "தெரியலையாம்மா? அப்பாம்மா. அப்பா கை."

"சும்மா சொல்லாத."

"சத்தியமா. ஒருநாள் என்னைக் கூட்டிட்டுப் போக ஆபீசுக்கு வந்தப்ப பதிவு பண்ணினேன்."

அம்மா பட்டையைக் குனிந்து பார்த்தார். "எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்தன்னிக்கு ஐயர் புடிச்சுக் குடுத்தாரு. அதுக்கப்புறம் ஒங்கப்பா என் கைய எங்க புடிச்சாரு? நீ பொறக்கறப்பகூட வெளிய கெரேத்தாவுல, கார் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு." குரல் ஏறியது. "ரப்பருக்குக் குடுக்கத் தெரிஞ்சிருக்கே அந்த மனுசனுக்கு! பாவி மனுசா!"

கருமாதியன்று அழாத அழுகையை அம்மா அப்போது அழுதார். மேசையில் கிடந்த நெத்திலியெல்லாம் அதிர்ந்தது. பட்டையை மட்டும் அவர் கழற்றவில்லை.

அம்மா கண்டுபிடிக்கவில்லைதான், ஆனாலும் ஸுல்கிஃப்லி அண்ணனிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டும், கிளையண்டு போனால் போகட்டும், என்று பிரமிளா அங்கேயே முடிவு செய்துவிட்டாள். அது சுலபமாகவே இருந்தது. ஆனால் எதிரே அம்மாவின் இன்னொரு கை மேசைமேல் மல்லாந்து கிடந்தது. அதைப் பிடிக்க வேண்டும்போல் அவளுக்கு ஆசையாக இருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கையைத் தான் ஒருமுறையாவது பிடித்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை. அவளுடைய விரல்கள் பாதி மேசை வரை போயின. அங்கேயே நின்றுவிட்டன. பெற்ற தாயிடம் அப்படி ஒரு கூச்சம்.

"இன்னொரு தடவ வேணுமாம்மா?" என்று கேட்டாள்.

அம்மா முகத்தைத் துடைக்காமலே தலையாட்டினார். பிரமிளா கையை இழுத்துக்கொண்டு, பதிவை மறுபடி ஓடவிட்டாள்.