பௌர்ணமியில் மட்டும் தடுமாறிய பெயர் வெட்டும் மெஷின்

போன பௌர்ணமியன்று என் தங்கை கணவர் தண்டபாணியின் பெயரை ஒரு மெஷின் பாடாய்ப் படுத்திவிட்டது.

தங்கை மகளுக்குக் கல்யாணம். சீர்வரிசைப் பாத்திரங்களில் பெண்ணின் அப்பா பெயரை வெட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். எவர்சில்வர் குடம் வாங்கினேன். பாத்திரக்கடைக்காரர் அதைக் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக்கு அனுப்பி, சாயங்காலமே பெயர் வெட்டி வாங்கிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால்… ‘ண்’ தலையில் இருக்கவேண்டிய புள்ளி அடுத்த எழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடைசி எழுத்து குடத்தின் வளைவில் சரிந்து இறங்குகிறது. தங்கை கண்ணைக் கசக்கினாள். நான் சும்மா இருப்பேனா? குடத்தைத் தூக்கிக்கொண்டு அடி அண்ணாமலைக்கே சண்டைக்குப் போனேன்.

வாசலில் கிரிவலக் கூட்டம். எதிரே நீர்மோர்ப் பந்தல், பக்கத்தில் கரும்புச்சாறு மெஷின். உள்ளே செல்வமும் அவர் மனைவி அமுதாவும் பெயர் வெட்டும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

செல்வத்தை எனக்கு முன்பே தெரியும். பஜாரில் பேசிக்கொண்டே கையால் பெயர் வெட்டுவார், ஒரு எழுத்துகூடக் கோணாது. போன வருஷம் பஸ்ஸிலிருந்து விழுந்ததில் வலது கை விரல்களில் உணர்வு போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். நேரில் பார்த்ததும் சண்டை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அமுதா எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. கணவர் வேலையில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைச் சகிக்காமல் அவரே இந்த மெஷினைச் செய்திருக்கிறார். எழுத்தை செல்வம் தேர்ந்தெடுத்து, இடது கையால் பொத்தானை அமுக்கவேண்டும். இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள் வெட்டும் ஊசியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தும்.

“சாதா மோட்டார் மாதிரி இது சுத்திக்கினே இருக்காதுங்க. ஒரு துடிப்பு அனுப்பினா ஒரு சின்ன அடி நவுந்து நிக்கும்” என்றார் அமுதா.

“நகராமல் போனால்?”

“நவுரலைன்னு அதுக்கே தெரியாதுங்க. அடுத்த எழுத்தெல்லாம் தள்ளிப் போய்டும்.”

மற்ற நாட்களில் மெஷின் ஒழுங்காம். பௌர்ணமியன்று மட்டும் மக்கர். செல்வத்தின் அப்பா, மலை சுற்றும் நாளில் ஊசியைத் தொட்டால் இப்படித்தான் ஆகும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். ஆனால் லீவு விட முடியுமா? அன்னதானத்துக்குப் பாத்திரம் கொடுக்கும் வெளியூர்க்காரர்கள் கையோடு பெயர் வெட்டிக் கேட்பது அன்றுதான். அடுத்த பௌர்ணமியும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

“நானே இந்த வேலை வாணாம்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்றேங்க. அவங்க வாயால கேக்க வாணாம்” என்றார் செல்வம்.

பேச்சை மாற்றுவதற்காக, அலமாரியில் பாடிக்கொண்டிருந்த டிரான்சிஸ்டரைக் குறை சொன்னேன். “என்ன இது, பாட்டைவிடக் கரகரப்புதான் ஜாஸ்தியாக இருக்கிறது?”

அமுதா சட்டென்று நிமிர்ந்தார். மறுபடி ஒரு கரகர… ஊசி துள்ளியது. எதிரே கரும்புச்சாறு மெஷின் அப்போதுதான் கிளம்பியிருந்தது.

அவர் ரேடியோவை எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். மீட்டர் பெட்டி அருகே கரகர. வாசல் வழியாகப் போகும் ஒயர் அருகே இன்னும் பெரிய கரகர.

விஷயம் இதுதான். பௌர்ணமிதோறும் மோர்ப் பந்தலின் டியூப் லைட்டுகளுக்கும் கரும்புச்சாறு மெஷினுக்கும் கரண்ட் இந்த வீட்டிலிருந்துதான் போகிறது. வருஷக்கணக்காகச் செய்கிற தர்மம். அதன்மேல் யாராவது சந்தேகப்படுவார்களா?

“பிடுங்கிவிடுங்கள், பிரச்னை தீர்ந்தது” என்றேன் நான். பிறர் வீட்டு விஷயத்தில் எனக்கு யோசனைக்குப் பஞ்சமே இருக்காது.

செல்வம் மறுத்துத் தலையாட்டினார். “நடந்து களைச்சு வர்றவங்கள இருட்டுல நிக்க வெச்சிட்டு நான் பேர் வெட்டணுமாங்க? அப்படி ஒரு பொழப்பு வாணாம்.”

அமுதா ரேடியோவை அணைத்து வைத்தார். “லைட் எரியட்டும் மாமா. மெஷினும் ஓடும். நான் பாத்துக்கறேன்.”

அதற்கப்புறம் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்குள் இரண்டு தடவை போய் எட்டிப் பார்த்தேன். அதுவரை மோட்டாருக்கும், கணக்குப் போடும் போர்டுக்கும் ஒரே பவர் சப்ளை. மோட்டார் கரண்டை இழுக்கும்போதெல்லாம் போர்டு லேசாகத் தள்ளாடியிருக்கிறது; பௌர்ணமியன்று பந்தல் லைனின் கரகரப்பும் சேர்ந்ததும் கணக்கே தவறியிருக்கிறது. இப்போது இரண்டுக்கும் தனித்தனி டிரான்ஸ்பார்மர். மோட்டார் பக்கம் பெரிய கண்டன்சர்.

“பெரிய மோட்டாராகவே போட்டுவிட்டால் என்ன?” என்று என் ஞானத்தைக் காட்டினேன்.

அமுதா சிரித்தார். “மோட்டாருக்கு பலம் இருக்குதுங்க. அதுக்குக் கரண்ட் குடுக்குற டிரைவ்தான் கம்மி. காயிலுக்குள்ள கரண்ட் சீக்கிரம் ஏறணும். அதுக்கு வோல்டேஜ ஜாஸ்தி குடுத்து, கரண்ட் அளவு தாண்டாம டிரைவே புடிச்சிக்கணும். அதையும் மாத்திட்டேன்.”

போர்டுக்குப் போகும் சிக்னல் ஒயர்களை, மேலே கம்பி வலை பின்னிய ஒயராக மாற்றினார். அந்த வலைக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். மோட்டார் ஒயர்களை ஜடை மாதிரி முறுக்கி, அவற்றிலிருந்து தள்ளிக் கட்டினார். மெயின் லைன் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் கரகரப்பை வடிகட்ட ஒரு ஃபில்டர். கரும்புச்சாறு மெஷினின் ஸ்விட்சிலும் தீப்பொறியை அடக்க ஒரு சின்னக் கண்டன்சரும் ரெசிஸ்டரும் ஏறின. ஒவ்வொன்றையும் மாட்டியபின் ரேடியோவைப் பக்கத்தில் பிடித்துக் கேட்பார். எதிரியை விரட்டாமலே ஜெயிக்கப் பார்த்தார் அந்தப் பெண். எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

இந்தப் பௌர்ணமி, சாயங்காலம். பந்தலில் எல்லா லைட்டும் எரிகிறது. கரும்புச்சாறு மெஷின் நின்று நின்று ஓடுகிறது. தண்டபாணிக்காக நான் புதுக் குடம் கொண்டுபோயிருந்தேன். செல்வம் பொத்தானை அமுக்கினார். ‘ண்’ வந்தது… புள்ளி அதன் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. கடைசி எழுத்துவரை கோடு நேராகப் போனது.

கடைக்காரர் அனுப்பிய அண்டாக்களும் வரிசையாக முடிந்தன. அவற்றை எடுத்துப்போக வந்த கடை ஆள், “மொதலாளி அடுத்த பௌர்ணமிக்கும் உங்களையே பாக்கச் சொன்னார்ணா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

செல்வம் எழுந்துபோய்த் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு சொம்பை எடுத்துவந்து மெஷினில் மாட்டினார். மெதுவாக எழுத்துக்களைத் தேர்ந்தெடுத்தார். ஊசி ‘அமுதா’ என்று வெட்டி நின்றது.

“ஊரு பேரெல்லாம் வெட்டனேன். இவ பேர வெட்னதே இல்லீங்க” என்றார் என்னிடம்.

அமுதா அந்த எழுத்துக்களின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. வாயில் வந்தது என்னவோ, “ஒரு ஸ்டெப்பு கூட உடல மாமா” என்பதுதான்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் சமையலறைக்குள் நுழைந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன் — பாதியில் மாமனார் பெயர், மீதியில் என் பெயர்… இருபது வருஷமாகச் சமைக்கும் என் மனைவியின் பெயர் ஒரு கரண்டியில்கூட இல்லை.