மூன்று கோட் வெள்ளை

சந்தனமாரி என் வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறாள். ஊர் விளாத்திகுளம் பக்கம். சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள். லைனின் கடைசியில் உட்கார்ந்து, வந்து சேரும் சர்க்யூட் போர்டுகளில் எது தேறும், எது தேறாது என்று பிரிப்பது அவள் வேலை. இசக்கிதுரையைக் கட்டிக்கொண்ட பிறகு அந்த வேலையை விட்டாள்.

இசக்கிதுரை டிரைவர். சினிமாப் படப்பிடிப்புக்குப் போகும் கேரவன் ஒன்றைச் சென்னையில் ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டி பழசாகி நடிகர்கள் ஏற மறுத்ததும் முதலாளி அதை விற்றார், இவனே வாங்கிக்கொண்டான். உள்ளே இரண்டு அறை, ஒரு கட்டில், கழிவறை, சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடி. வாலாஜாபாத் பக்கத்துச் சிறிய கல்யாண மண்டபங்களில் மணப்பெண்ணுக்குச் சரியான அறை இருக்காது. வாசலில் இந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பெண் அதில் அலங்காரம் செய்துகொள்வாள். அவன் ஓட்டுவான். இவள் விரிப்பு மாற்றி, கண்ணாடி துடைத்து, பெண்ணோடு ஏறுகிற கூட்டத்தைச் சமாளிப்பாள்.

என் வீட்டை ஒட்டிய காலி மனையில்தான் வண்டி நிற்கும். கிளம்பும் முன் அவன் பிரேக்கை மிதிப்பான்; இவள் பின்னால் நின்று, "எரியுது" என்பாள். இண்டிகேட்டரைப் போடுவான், "எரியுது." ஒருமுறை, "எரியல, நீரு எறங்கி நடந்து வாரும்" என்று சொல்லி அவனை இறங்கவைத்துச் சிரித்தாள். என் சமையலறைச் சன்னலில் இதெல்லாம் கேட்கும்.

வண்டியை வருடா வருடம் எஃப்.சி.க்குக் காட்டி, ஓடத் தகுதி உண்டு என்று சான்று வாங்க வேண்டும். அதற்கு முன் பெயிண்ட் அடிப்பது இங்கே எல்லோருக்கும் வழக்கம். இசக்கிதுரை ஆள் வைக்காமல் தானே அடித்தான். பின்விளக்குகளைக் கழற்றி, துரு இருந்த இடத்தையெல்லாம் தேய்த்து, மூன்று கோட் வெள்ளை அடித்து, காய்ந்ததும் விளக்குகளைத் திரும்ப மாட்டினான். இருட்டிவிட்டதால் காலையில் எரியவிட்டுப் பார்க்கலாம் என்றான். காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். காரியம் முடிந்து சந்தனமாரி திரும்பி வந்தாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை. ஊரிலும் அழவில்லை என்று இசக்கிதுரையின் தம்பி பிச்சையா சொன்னான். தண்ணீர் பிடித்தாள், சோறு வடித்தாள், கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். எது கேட்டாலும் "சரிங்க ஐயா" என்றாள். மழைக்காலம் முழுவதும் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

பிச்சையா ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஆபரேட்டர். தை மாதம் ஷிப்ட் முடிந்து ஒருநாள் வந்தான்.

"மைனி, காயலான் கடைக்காரன் நாளைக்கே வாரேங்கான். குடுத்துருவோம். நீங்க ஊருக்குப் போயிருங்க."

"வண்டிய நான் ஓட்டுதேன்."

"ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"டிரைவர் போட்டு ஓட்டுதேன்."

அவள் அப்போது சரி என்று சொல்லாததை நான் கவனித்தேன். பிச்சையாவும் கவனித்திருக்க வேண்டும். "எஃப்.சி. தேறுனா ஓட்டுங்க. தேறலன்னா தூக்கிருவேன். அண்ணன் சாமான் மழையில மக்குறத என்னால பாக்க முடியல" என்றான்.

"சரி" என்றாள்.

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இளம்பரிதியை அழைத்து வந்தாள். புது பேட்டரி போட்டான். எஞ்சின் கிளம்பியது. விளக்குகள்தான் பிரச்சினை. உள்ளே கண்ணாடி பல்புகள் ஒன்றும் எரியவில்லை. பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாமல், முன்பக்கத்துச் சின்ன விளக்குகள் இரண்டும் மங்கலாக எரிந்தன.

"இன்னாக்கா இது, பிரேக்க மிதிச்சா மூஞ்சி எரியுது! வண்டி உல்டாவா ஓடுமா?" என்று இளம்பரிதி சிரித்தான். சந்தனமாரி சிரிக்கவில்லை. ஃப்யூஸ்களை மாற்றிப் பார்த்தான். பிறகு டெஸ்ட் லேம்பை எடுத்தான். ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். ஒரு வயரின் கிளிப்பைப் பின்பக்க பம்பரில் மாட்டி, இன்னொன்றால் விளக்குக்கு வரும் வயரைத் தொட்டான். பல்பு எரியவில்லை.

"கரண்டே வர்ல. உள்ளார எலி கடிச்சி, வயரோட வயர் ஒட்டிக்கினு கீது. ஃபுல் வயரிங் மாத்தணும்க்கா. மேல தகரத்தப் பிரிச்சாதான் முடியும். எஃப்.சி.க்குள்ள ஆவாது."

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "கிளிப்ப எங்க மாட்டுன தம்பி?"

"பாடிலதான்க்கா. எர்த்து."

"பாடியில இல்ல. பெயிண்டுல மாட்டிருக்க."

இளம்பரிதி கிளிப்பைப் பார்த்தான். பெட்டியிலிருந்து நீள வயர் ஒன்றை எடுத்து, பேட்டரியின் மைனஸிலிருந்து இழுத்து வந்து டெஸ்ட் லேம்பில் கொடுத்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது. "அட" என்றான். "வந்துகினுதான் கீது."

விளக்குக்கு ஒரு வயரில் வரும் கரண்ட், வண்டியின் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பும். பின்விளக்குக்கும் உள்விளக்குக்கும் சேர்த்து அந்த இரும்போடு இணைக்கிற போல்ட் ஒன்று பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிறது. திரும்பும் வழி அங்கே அடைபட்டால் கரண்ட் கிடைத்த வழியில் போகும். முன்விளக்கு எரிந்தது அப்படித்தான். இதை இளம்பரிதி எனக்குப் பிறகு சொன்னான்.

"கம்பெனியில ஒரு போர்டு திடீர்னு ஃபெயிலாச்சுன்னா, கடைசியா என்ன மாத்துனோம்னுதான் மொதல்ல கேப்பாங்க" என்றாள் சந்தனமாரி. "கடைசியா பெயிண்ட் அடிச்சாரு." பின்சக்கரத்துக்கு மேலே போல்ட் இருந்த இடத்தைத் தொட்டாள். "இங்க துரு இருந்துச்சு."

போல்ட்டை இளம்பரிதி கழற்றினான். வயரின் வளையத்துக்குக் கீழே இரும்பு தெரியவில்லை. வழவழவென்று வெள்ளை. போல்ட்டையும் கழற்றி, ஓரம் பிசிறில்லாமல் அடித்திருந்தான் இசக்கிதுரை.

"நான் சுரண்டிடறேங்க்கா."

"குடு."

அவன் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கி அவளே தேய்த்தாள். வெள்ளை போய் சிவப்பு பிரைமர் வந்தது; அதுவும் போய் இரும்பு வந்தது. தூள் அவள் விரலிலும் நைட்டியிலும் விழுந்தது. தட்டிவிடவில்லை.

"ரெண்டு கோட்டு போதும்னு சொன்னேன்" என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. குரலில் ஒன்றும் இல்லை.

இளம்பரிதி போல்ட்டை முடுக்கினான். உள்ளே கண்ணாடியைச் சுற்றி எல்லா பல்பும் எரிந்தன. அவள் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

"ஐயா, பிரேக்க மிதிக்கிறீங்களா?" என்றாள் என்னிடம்.

இளம்பரிதி கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு, "நான் மிதிக்கிறேனே, பெரியவர் ஏன் ஏறணும்?" என்றான். "ஐயா மிதிக்கட்டும்" என்றாள். எனக்கு முழங்கால் வலி. ஏறி உட்கார்ந்தேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் வண்டியின் பின்னால் போய் நிற்பது தெரிந்தது. மிதித்தேன். பதில் வரவில்லை. அவள் நைட்டியின் ஒரு ஓரம் சிவப்பாக இருந்தது. விளக்கு எரிகிறது என்று எனக்கே தெரிந்தது. காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"எரியுதாம்மா?"

"எரியுது" என்றாள். "எடுக்காதீங்க ஐயா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

கால் மரத்துப்போகும் வரை மிதித்துக்கொண்டிருந்தேன். வெளியே எதுவும் கேட்கவில்லை. இளம்பரிதி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

எஃப்.சி. தேறியது. பிச்சையாதான் லீவு போட்டு உடன் போய் வந்தான். காயலான் கடைக்காரனைப் பற்றி அதன் பிறகு அவன் பேசவில்லை. முதல் கல்யாணம் மாசியில், வாலாஜாபாத்தில். டிரைவர் காஞ்சிபுரத்துக்காரர். அவர் பிரேக்கை மிதித்தால் சந்தனமாரி பின்னால் நின்று, "எரியுது" என்கிறாள். முன்பு சொன்னது போல அல்ல. கம்பெனி லைனில் தேறிய போர்டைத் தள்ளிவிடும்போது சொல்வது போல.

இந்த வருடம் எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிக்க வேறு ஆள் வந்தார். அந்த போல்ட்டின் மேல் அவளே செய்தித்தாளை ஒட்டிவிட்டு, "இங்க மட்டும் அடிக்காதீங்க" என்றாள். எத்தனை கோட் என்று அவர் கேட்டார்.

"மூணு" என்றாள்.