பல்செட்டுக்காரர் வீட்டு நூல்

"அடப்பாவி! இது வாயா, குப்பைத் தொட்டியா?"

பல்செட்டுக்காரர் திட்டுவது மனிதர்களை இல்லை, மேசைமேல் வரிசையாக இருக்கும் பிளாஸ்டர் அச்சுகளை. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை அப்படியே அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதற்குப் பொருத்தமாகப் பொய்ப்பல் கட்டித் தருவார். முப்பது வருடமாக இதே தொழில். ஆனாலும் ஒவ்வோர் அச்சையும் விளக்கருகே திருப்பிப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். மனிதருக்கு அதிர்ச்சி பழகவே இல்லை.

அச்சோடு வரும் சீட்டில் பெயர் இருக்காது. ஓர் எண், ஆணா பெண்ணா, என்ன வயது, அவ்வளவுதான். மற்றதை அவரே படித்துக்கொள்வார். ஈறு இறங்கி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எறும்பு ஊர்கிற அளவுக்குச் சந்து தெரிந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "வாசலுக்கு மட்டும் வெள்ளையடிச்சிட்டு சந்துல குப்பை கொட்டியிருக்கான் பாரு. பிரஷ் போகாத இடத்துக்கு வேற யாரு போவா, இவன் மாமனாரா?"

ஊரில் ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஊக்கால் பல் குத்தினால், "சார், அதை உள்ள வைங்க, ஈறு கிழிஞ்சுடும்" என்று சட்டைப்பையிலிருந்து பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை எடுத்து நீட்டுவார். அந்த ஆள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். முடிவெட்டுகிறவர் கத்தியைக் கழுத்தில் வைத்திருக்கும்போதுகூட, "தம்பி, நூல் விடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். நல்லவேளை, அந்தத் தம்பி நிதானமானவர்.

வீட்டில் மட்டும் பல்லைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. சாப்பிட்டதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் தன் பல்லிடுக்குகளை நூலால் துடைப்பார். கண்ணாடி அலமாரியில் நூல் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பார்க்கிறவர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள மாட்டார்களா என்ன? அப்படித்தான் நினைத்திருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை ஓர் அச்சு வந்தது. பெண், வயது நாற்பத்தாறு. எடுக்கப்பட வேண்டியவை என்று இரண்டு கடைவாய்ப் பற்களில் மருத்துவர் குறி போட்டிருந்தார். வழக்கம்போல விளக்கருகே பிடித்தார். "ஐயையோ! இந்தப் பொம்பளைக்குப் புருஷன்னு ஒருத்தன் இருக்கானா இல்லையா? இருந்தா அவனை நிக்கவச்சுக் கேக்கணும்!"

சொல்லிக்கொண்டே அச்சைத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். மேல்வரிசையில் இடப்பக்கம், பக்கத்துப் பல்லின்மேல் ஏறிக்கொண்டு ஒரு தெத்துப்பல். அதன் நுனியில் அரிசி முனை அளவுக்கு உடைசல். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சிரிப்புக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

மதியமே வீட்டுக்குப் போய், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் அச்சை வைத்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடவுளே, உங்ககிட்டயா வந்துச்சு?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"திட்டுவீங்கன்னுதான். முகம் தெரியாதவங்களையே அந்தத் திட்டு திட்டுறீங்க."

"நூல் விட்டதே இல்லையா நீ? பெட்டி பெட்டியா வாங்கி வச்சிருக்கேனே!"

"அதா?" மனைவி உண்மையாகவே திகைத்துப்போனாள். "அது உங்க தொழில் சாமான் இல்லையா? பல்லை செட்டுல வச்சுக் கட்டுற நூல்னு நெனச்சேன். கல்யாணமான புதுசுல உங்க பல்செட்டு மெழுகைக் கொஞ்சம் எடுத்து ஜன்னல் கொக்கியில தடவினதுக்கு, 'என் சாமான்ல கை வைக்காதே'ன்னு வீடே அதிர்ற மாதிரி கத்துனீங்க. அன்னிலேர்ந்து நான் தொடல. பிள்ளைங்களையும் தொட விடல."

பிள்ளைகளும்! பல்செட்டுக்காரர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"ரெண்டு போயிடுமாம். மிச்சத்தைச் சந்து சந்தா தினமும் சுத்தம் பண்ணலேன்னா, முன்பல்லும் ஒண்ணொண்ணா ஆட ஆரம்பிச்சுடுமாம்."

அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார். மனைவியை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்தார். ஒரு முழம் நூலை வெட்டி இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, "ஆ காட்டு" என்றார். அவர் இதுவரை கைவைத்த பிறத்தியார் பல்லெல்லாம் பிளாஸ்டரும் பிளாஸ்டிக்கும்தான். நூலை மெதுவாக இறக்கி, பல்லோடு ஒட்டினாற்போல் வளைத்து மேலே இழுத்தார். வெள்ளை நூல் சிவந்து வந்தது.

முதலில் இரத்தம் வரும், பயப்படாதீர்கள், தினமும் செய்தால் நின்றுவிடும் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவர்தான். இப்போது அந்தச் சிவந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி திறந்த வாயை மூடாமலே அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, அடுத்த சந்துக்கு நகர்த்தினாள்.