வூடூ பார்க்கப் போன உத்திரமேரூர்க்காரர்கள்

டூர் கூட்டிக்கொண்டு போவது ஊர் பார்க்கிற வேலை இல்லை. ஊர் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. பிள்ளைகளை எக்ஸ்கர்ஷன் அழைத்துப்போன டீச்சர்களுக்கும், சொந்தபந்தத்தை ஒரே வேனில் ஏற்றித் திருப்பதி போய்வந்தவர்களுக்கும் என் பாட்டை விளக்க வேண்டியதில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டூர் ஆபீஸ் நடத்துகிறேன். காசி, கேதார்நாத், நேபாளம் எல்லாம் ஆயிற்று. போன வருஷம் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கானா, டோகோ, பெனின் என்று மேற்கு ஆப்பிரிக்காவில் ஒட்டி ஒட்டி இருக்கிற மூன்று நாடுகளை பஸ்ஸிலேயே சுற்றி வந்தேன். அந்தப் பக்கத்து வூடூ சாமிகளைப் பார்ப்பதுதான் திட்டம்.

போர்டு வைத்த கதை

யோசனை சம்பந்தம் சாருடையது. ஏனாத்தூரில் குடியிருக்கிறார், காலேஜில் சரித்திரம் நடத்தி ரிட்டையர் ஆனவர். "சினிமாவுல காட்டற மாதிரி பொம்மைக்கு ஊசி குத்தறது இல்லம்மா வூடூ. நம்ம கிராம தேவதைங்க மாதிரிதான்" என்றார். நானும் ஆபீஸ் வாசலில் 'வூடூ பார்க்க வாருங்கள்' என்று பெரிதாக போர்டு வைத்தேன். அந்த வாரம் முழுக்க நல்ல கூட்டம். வந்தவர்கள் எல்லாம் எத்தனை சதுர அடி, பட்டா இருக்கிறதா, பேங்க் லோன் கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள். எங்கள் பக்கம் வீட்டை வூடு என்றுதான் சொல்வோம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது எப்படி மறந்தது என்று தெரியவில்லை.

விஷயத்தை விளக்கியதும் முக்கால்வாசிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். வாலாஜாபாத்திலிருந்து வந்த ரைஸ் மில்காரர் ஒருவர் மட்டும் நான் சொன்ன எதையும் நம்பவில்லை. போகும்போது ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "ஆப்பிரிக்காவுல வூடு வாங்கி யாரும்மா அங்க குடி இருக்கறது? வாலாஜாபாத் கிட்டயே ஒண்ணு பாத்துக் குடேன்."

பூசாரிக்குப் போட்ட சேர்

முதலில் பேர் கொடுத்தவர் மாகறல் கன்னியப்பன் அண்ணன். விவசாயி, ஊர் எல்லையில் இருக்கிற முனீஸ்வரனுக்கு அவர்தான் பூசாரி. கானாவிலிருந்து டோகோவுக்குள் நுழைகிற செக்போஸ்டில் அண்ணன் மாட்டிக்கொண்டார். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். பையைத் தலைகீழாகக் கொட்டியும் அவருடைய அட்டை கிடைக்கவில்லை. எல்லாரும் பஸ்ஸில் ஏறியாகிவிட்டது. ஒரு மனிதரை மட்டும் பாஷை தெரியாத ஊரில் விட்டுவிட்டு எப்படிப் போவது?

கொட்டிய சாமான்களில் கிடந்த துணிப்பையைக் காட்டி, இது என்ன என்று அதிகாரி கேட்டார். எங்கள் கைடு கோமி, டோகோக்காரர். "அது விபூதி. இவர் அவங்க ஊர்ல பூசாரி" என்று அவர்கள் பாஷையில் சொன்னார். அதிகாரி எழுந்து தன் சேரையே இழுத்துப் போட்டு அண்ணனை உட்கார வைத்துவிட்டார். துணிப்பையைத் திறந்தால் விபூதிக்குள் அந்த மஞ்சள் அட்டை. பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணனே வைத்தது. சீல் குத்தியதும் அதிகாரி, தன் மகளுக்குப் பரீட்சை என்று சொல்லி நெற்றியைக் காட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் பூசிவிட்டு பஸ்ஸில் ஏறிய அண்ணன் சொன்னது: "எங்க மாமியார் வூட்ல கூட எனக்கு இப்டி சேர் போட்டு குந்த வெச்சது இல்ல, வசந்தி."

கண்ணாடியும் பவுடரும்

லோகநாயகி அக்கா காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பம். "அம்மாவுக்கு பி.பி. கீது, ஜாக்கிரதயா கூட்டிக்கினு வந்துடுங்க" என்று அவர் மகன் என்னிடம் பத்துத் தடவை சொல்லித்தான் அனுப்பினார். டோகோவில் கடலோர கிராமம் ஒன்றில் மாமி வாட்டா என்கிற தண்ணீர் தெய்வத்தின் கோயிலுக்குப் போனோம். அவளுக்கு அலங்காரம் பிடிக்குமாம். கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, சென்ட் பாட்டில் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். அதற்கு மேலே சுவரில் ஒரு படம். நிறம் வெளுத்துப்போன பழைய காலண்டர் லட்சுமி.

அக்கா அப்படியே நின்றுவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. பூசை செய்கிற அம்மாள் கோமியிடம் என்னவோ கேட்டார். இந்தத் தெய்வம் கடல் தாண்டி வந்தவள், இந்த அம்மாவுக்கு அவளைத் தெரியுமா என்று கேட்கிறார் என்றார் கோமி. "எங்க ஊரு. எங்க வூட்ல தெனம் வெளக்கேத்தறேன்" என்றார் அக்கா. அதைக் கேட்டதும் பூசைக்கார அம்மாள் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கோமி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னது இது: "இத்தனை வருஷமா இவளைப் பார்க்கப் பிறந்த வீட்டுலேருந்து யாருமே வரலையேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

சாரும் பாம்பும்

பெனினில் மலைப்பாம்புகளுக்கென்று ஒரு கோயில். ஒன்றும் செய்யாது என்று சொல்லி, வருகிறவர்கள் கழுத்தில் மாலை மாதிரி போடுகிறார்கள். பாம்பு வழிபாட்டைப் பற்றிச் சம்பந்தம் சார் புத்தகமே எழுதியிருக்கிறார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் எங்களுக்குப் பாடமும் எடுத்தார். கோயிலுக்குள் ஒரு பாம்பு அவர் செருப்பை நோக்கி நகர்ந்ததுதான் தாமதம், அங்கிருந்த மர பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டார். லோகநாயகி அக்கா பாம்பைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, பெஞ்சுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ரெண்டு பட்டுப்பொடவ கனம்தான் சார் கீது, ஜில்லுன்னு வேற கீது. இதெல்லாம் பொஸ்தகத்துல எழுதலியா நீங்க?"

ஓடுகிற வைக்கோல் போர்

ஜாங்பெட்டோ என்று ஊர்க்காவல் சாமி. ஆள் உயரத்துக்கு வைக்கோல் போர் மாதிரி இருக்கிறது. மேளம் அடித்ததும் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு தெருவெல்லாம் ஓடியது. திடீரென்று நின்றது. அதைக் கவிழ்த்துக் காட்டினார்கள். உள்ளே யாரும் இல்லை. நாங்கள் எல்லாரும் இரண்டடி பின்னால் நகர்ந்தோம். கன்னியப்பன் அண்ணன் மட்டும் பயப்படாமல் கிட்டே போய், ஒரு வைக்கோலை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அறுப்புக்கு ஆளு கெடைக்காம பேஜாரா கீது. இந்த மாதிரி ரெண்டு அனுப்புவாங்களான்னு கேளும்மா."

தாளம்

ஒரு கிராமத்தில் மத்தியானம் பூசை. ஏழெட்டு மேளம். வெள்ளை உடுத்திய பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியைப் பார்த்தால் லோகநாயகி அக்காவைக் காணோம். அவிழ்ந்த தலைமுடியோடு அக்கா நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தார். ஆடி மாசத்தில் அவருக்கு அருள் வரும் என்று யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கோமியைக் கேட்டேன். அவர் சொன்ன தூரத்தைக் கேட்டு எனக்கே மயக்கம் வந்தது.

கன்னியப்பன் அண்ணன் ஒரு பக்கம் போய் நின்றார். அந்த ஊர்ப் பூசாரி மறுபக்கம் வந்து நின்றார். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாது. அவர் சொம்பை நீட்ட, இவர் வாங்கி அக்கா முகத்தில் தெளித்தார். இவர் விபூதியை எடுக்க, அவர் அக்காவின் தலையைத் தாங்கிக்கொண்டார். ஒரே கோயிலில் வேலை பார்க்கிற இரண்டு பேர் மாதிரி அத்தனை நிதானம். ஐந்து நிமிஷத்தில் அக்கா கண்ணைத் திறந்து, "இன்னா எல்லாரும் என்னியே பாக்கறீங்க, பசிக்குது" என்றார். பி.பி. பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் எகிறியிருந்தது. வந்தது எந்தச் சாமி என்று அந்தப் பூசாரியிடம் கேட்கச் சொன்னேன். அவர் யோசித்துச் சொன்னதைக் கோமி சொன்னார்: "வந்தது யாருன்னு அவருக்கும் தெரியலையாம். ஆனா, தாளம் தப்பாம ஆடிச்சாம்."

பயந்து நடுங்கப் போகிறோம் என்று கிளம்பினோம், பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போனவர்கள் மாதிரி சாப்பிட்டு, ஆடி, அழுது, வம்பளந்துவிட்டு வந்தோம்; இதற்குப் போய் மூன்று விசா எடுத்தோமே என்பதுதான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.